மென்பொருளுக்குப் பால்மானி உண்டா?

பாலைச் சோதிக்கப் பால்மானி இருக்கிறது. பொன்னை உரைத்துப் பார்க்க உரைகல் இருக்கிறது. நெல் வியாபாரி ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, அரிசியைப் பார்த்த மாத்திரத்தில் விலை சொல்லிவிடுகிறார். கையால் தொடவும் மூக்கால் நுகரவும் இயலாத மென்பொருளின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது? இவ்வினாவிற்குக் கடந்த ஐம்பது ஆண்டுகளாக அறிஞர்கள் தேடிவந்துள்ள விடைகளில் சிலவற்றைக் கூறுவதும், அவ்விடைகளுக்கும் மென்பொருளைப் பயன்படுத்துவோரின் அனுபவத்திற்கும் இடையே உள்ள தொலைவைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பால்மானியைப் பற்றியே ஒரு சொல். அது பாலின் தரத்தை அளப்பதில்லை. அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறையும், பால்மானி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் தண்ணீரோடு கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துவிட்டால் பால்மானி ஏமாந்துபோகும். டீக்கடைக்காரரை அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது. காய்ச்சும்போது ஏடு எப்படிப் படிகிறது, டீயில் ஊற்றினால் நிறம் எப்படி வருகிறது என்பதை அவர் பார்த்துவிடுவார். அடர்த்தி ஓர் எண். ஏடும் நிறமும் பயன்படுத்துபவரின் அறிவு. மென்பொருளிலும் இவ்விரண்டு வகை அளவைகளும் உள்ளன.

உள்ளிருந்து அளத்தல்

மென்பொருளைத் திறந்து, அதன் வரிகளை எண்ணி அளப்பது முதல்வகை. ஆயிரம் வரிகளுக்கு எத்தனை பிழைகள் என்பது பலரும் கையாளும் கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே வேலையை ஒரு மாணவர் 200 வரிகளில் முடிக்கிறார். மற்றொருவர் சுற்றி வளைத்து 500 வரிகளில் எழுதுகிறார். இருவர் நிரலிலும் 2 பிழைகள் எனக் கொள்வோம். முதலாமவருக்கு ஆயிரம் வரிக்கு 10 பிழைகள். இரண்டாமவருக்கு 4 பிழைகளே. சுருங்க எழுதியவர் தரம் குறைந்தவர் ஆகிவிட்டார்! பாலில் சர்க்கரை கலந்த கதைதான் இது.

1976-ஆம் ஆண்டில் தாமஸ் மெக்கேப் என்பவர் இதனினும் நுட்பமான ஓர் அளவையைக் கூறினார். நிரலில் 'இப்படியானால் இதைச் செய், இல்லையேல் அதைச் செய்' என்று வழி பிரியும் இடங்களை எண்ணுக. அதனோடு 1-ஐக் கூட்டுக. வருவதே அந்நிரலின் சிக்கலளவு. மதிப்பெண் பட்டியல் போடும் சிறு நிரலை எடுத்துக்கொள்வோம். மாணவர் தேர்வுக்கு வந்தாரா, வந்தால் தேர்ச்சி பெற்றாரா, பெற்றால் அது முதல் வகுப்பா என்று மூன்று இடங்களில் வழி பிரிகிறது. எனவே சிக்கலளவு 4. ஒரு பகுதியின் சிக்கலளவு 10-க்கு மேற்பட்டால் அதனைப் பிரித்து எழுதுவது நலம் என்பது மெக்கேப்பின் கருத்து. சோதிக்க வேண்டிய தனித்தனி வழிகள் எத்தனை என்பதை இவ்வெண் நமக்குச் சொல்லிவிடுவதால், நிரல் எழுதுவோருக்கு இது மிகவும் பயன்படும். ஆனால் அந்நிரலின் முன் அமர்ந்து மதிப்பெண்களை உள்ளிடும் அலுவலருக்கு இவ்வெண்ணால் ஆவது ஒன்றுமில்லை.

1991-இல் வெளிவந்த பன்னாட்டுத் தர நிர்ணயம் 9126, மென்பொருளின் தரத்தைச் செயற்பாடு, நம்பகம், பயன்படுத்தும் எளிமை, திறன், பராமரிக்கும் எளிமை, வேறு கணிப்பொறிக்கு மாற்றும் எளிமை என ஆறாகப் பகுத்தது. அதற்குப் பின்வந்த 25010-ஆம் நிர்ணயம் 2011-இல் ஆறினை எட்டாக்கியது. தேர்வுக்கு இவற்றை மனப்பாடம் செய்வோம். ஆகவே இங்கு விரிக்கவில்லை.

ஐயாயிரம் ஆண்டுப் பிழைகள்

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பிழை என்பது நிரலுக்குள் கிடப்பது. முறிவு என்பது அப்பிழை வெளிப்பட்டுப் பயனரின் கண்முன் நிகழ்வது. பிழைகள் மிகுந்தால் முறிவுகளும் மிகும் என்றுதான் நாம் எல்லோரும் நினைப்போம். இவ்வெண்ணத்தை அசைத்துவிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஆடம்ஸ், அந்நிறுவனத்தின் பெரிய மென்பொருள்கள் பலவற்றில் கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளை ஆராய்ந்து 1984-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிழைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, 5000 ஆண்டு ஓட்டத்திற்கு ஒருமுறைகூட வெளிப்படாத வகையைச் சேர்ந்தவை என அவர் கண்டார். யாரும் 5000 ஆண்டுகள் காத்திருந்து பார்க்கவில்லை. பல கணிப்பொறிகள் ஓடிய நேரத்தையெல்லாம் கூட்டிப் பெற்ற கணக்கு அது. 5000 கணிப்பொறிகள் ஓராண்டு முழுவதும் ஓடினால், அவற்றுள் ஏதோ ஒன்றில் ஒருமுறை தலைகாட்டலாம் என்பது பொருள். மறுபுறம், பயனர்கள் அடிக்கடி கண்ட முறிவுகளுக்கெல்லாம் காரணமாக இருந்தவை நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவான பிழைகளே.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு நிறுவனம் இரவு பகலாக உழைத்து 100 பிழைகளில் 60-ஐ நீக்கிவிட்டதாக அறிக்கை தரலாம். அந்த 60-இல் அடிக்கடி வெளிப்படும் இரண்டு பிழைகள் அடங்கவில்லையானால், பயனருக்கு எதுவுமே மாறியிருக்காது. அறிக்கை பொய்யன்று, பயனரின் முறையீடும் பொய்யன்று.

அப்படியானால் அரிதாக வெளிப்படும் பிழையைப் பொருட்படுத்த வேண்டாமா? இன்டெல் நிறுவனம் அவ்வாறு எண்ணிச் சூடு கண்டது. அதன் பென்டியம் சில்லில், வகுத்தல் கணக்கிற்கு உதவும் அட்டவணையொன்றில் சில எண்கள் விடுபட்டிருந்தன. பகா எண்களை ஆராய்ந்துகொண்டிருந்த தாமஸ் நைஸ்லி என்னும் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் 1994-இல் இதனைக் கண்டறிந்தார். சாதாரணப் பயனர் 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இப்பிழையைச் சந்திப்பார் என இன்டெல் கணக்குக் காட்டியது. 24 நாள்களுக்கு ஒருமுறை சந்திக்கக்கூடும் என ஐ.பி.எம். வேறொரு கணக்குக் காட்டியது. ஒரு மனிதர் ஒரு நாளைக்கு எத்தனை வகுத்தல் செய்கிறார், எவ்வகை எண்களை வகுக்கிறார் என்பதில்தான் வேறுபாடு! மக்களோ இரண்டு கணக்குகளையும் கேட்கவில்லை. கணக்குப் போடுவதற்காக வாங்கிய பொருள் கணக்கில் தவறுகிறது என்பது ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. 1994 டிசம்பரில், கேட்டவர்க்கெல்லாம் சில்லை மாற்றித் தருவதாக இன்டெல் அறிவித்தது. அதற்காக ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். பென்டியம் வன்பொருள்தானே என்று நண்பர்கள் கேட்கலாம். மென்பொருளில் நேர்ந்திருந்தாலும் பயனர் வேறுவிதமாக நினைத்திருக்கமாட்டார் என்பதற்காகவே இதனைக் கூறினேன்.

உண்மை சொன்ன மென்பொருள்

பயனரின் எண்ணம் எப்போதும் சரியாகவே இருக்குமா? இருக்காது. இதற்கு விண்டோஸ் விஸ்டா ஓர் அருமையான சான்று.

2007-இல் விஸ்டா பொதுமக்கள் கைக்கு வந்தவுடன், கோப்புகளைப் படியெடுப்பது மிக மெதுவாக இருக்கிறது என்ற குறை எழுந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் ருசினோவிச் 2008-இல் இதன் காரணத்தை விளக்கி எழுதினார். சில வகைப் படியெடுப்புகளில் உண்மையாகவே வேகம் குறைந்திருந்தது. ஆனால் வேறு சில நேர்வுகளில் வேலை மெதுவாக நடக்காமலேயே மெதுவாகத் தோன்றியது. பழைய எக்ஸ்பி, கோப்பின் தரவுகளை நினைவகத்தில் ஏற்றியவுடனேயே 'முடிந்தது' என்று சிறு சாளரத்தை மூடிவிடும். வட்டில் எழுதும் வேலை அதன்பிறகு திரைக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கும். விஸ்டா, வட்டில் எழுதி முடியும்வரை சாளரத்தை மூடாமல் காத்திருந்தது. எக்ஸ்பி முடிந்தது என்று சொன்ன நொடியில் மின்சாரம் போயிருந்தால் கோப்பு முழுமையாக இராது. விஸ்டா சொன்னால் இருக்கும். உண்மை பேசியது விஸ்டாதான். எனினும் மக்கள் மனத்தில் தரம் குறைந்தது என்று பெயரெடுத்ததும் விஸ்டாதான். முதல் திருத்தத் தொகுப்பிலேயே பெரும்பாலும் பழைய முறைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

கடிகாரம் காட்டும் நேரம் வேறு, மனம் உணரும் நேரம் வேறு. பேருந்து நிறுத்தத்தில் வண்டி எப்போது வரும் என்று தெரியாமல் நிற்கும் பத்து நிமிடமும், 'அடுத்த வண்டி 10 நிமிடத்தில்' என்று தெரிந்தபின் நிற்கும் பத்து நிமிடமும் ஒன்றல்ல. கணிப்பொறித் திரையில் வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டையைப் பயனர்கள் விரும்புகிறார்கள் என்பதை 1985-இலேயே பிராட் மையர்ஸ் சோதனையால் காட்டினார். 2007-இல் கிறிஸ் ஹாரிசன் முதலானோர் மேலும் ஒருபடி சென்றனர். மொத்த நேரம் மாறாமலே, இறுதியில் வேகமெடுத்து முடியும் பட்டை விரைவாக முடிந்ததாகவும், இறுதியில் தயங்கி நிற்கும் பட்டை நெடுநேரம் எடுத்ததாகவும் மக்கள் உணர்ந்தனர். இவ்வறிவை நன்மைக்கும் பயன்படுத்தலாம். ஒன்றும் செய்யாமல் பட்டையை மட்டும் அழகாக ஓடவிட்டு ஏமாற்றவும் பயன்படுத்தலாம். இரண்டாவது வகைதான் அதிகம் நடக்கிறதோ என்பது என் ஐயம்.

எண்ணத்தை எண்ணாக்குதல்

எண்ணம் இவ்வாறு வழுக்கிச் செல்வதென்றால் அதனை அளக்கவே இயலாதா? இயலும். இங்கிலாந்தில் டிஜிட்டல் ஈக்விப்மெண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் புரூக், 1986-இல் பத்துக் கூற்றுகளைக் கொண்ட ஓர் எளிய அளவுகோலை உருவாக்கினார். ஒரு மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்தவரிடம் இப்பத்தையும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பதற்கு 1 முதல் 'முற்றிலும் ஏற்கிறேன்' என்பதற்கு 5 வரை குறிக்கச் சொல்ல வேண்டும். ஒற்றைப்படைக் கூற்றுகள் மென்பொருளைப் புகழ்வன. இரட்டைப்படைக் கூற்றுகள் குறை கூறுவன. படிக்காமலே எல்லாவற்றுக்கும் 5 போட்டுவிட்டுப் போகிறவர் இதனால் அகப்பட்டுக்கொள்வார்!

கணக்கிடும் முறை இதுதான். ஒற்றைப்படைக் கூற்றுகளில் குறித்த எண்ணிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படைக் கூற்றுகளில் 5-லிருந்து குறித்த எண்ணைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பு கிடைக்கும். ஒருவர் ஒற்றைப்படைக் கூற்றுகளுக்கு 4, 3, 4, 5, 3 என்றும், இரட்டைப்படைக் கூற்றுகளுக்கு 2, 4, 1, 2, 3 என்றும் குறித்ததாகக் கொள்வோம். முதல்வகையில் 3, 2, 3, 4, 2 ஆக 14. இரண்டாம் வகையில் 3, 1, 4, 3, 2 ஆக 13. கூடுதல் 27, 2.5-ஆல் பெருக்க 67.5. பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி 68 என வந்ததால், நமது மென்பொருள் நடுத்தரமானது எனலாம். இம்மதிப்பை நூற்றுக்கு 67.5 விழுக்காடு என்று மட்டும் படித்துவிடக் கூடாது. பலரும் செய்யும் தவறு அது. சராசரியோடு ஒப்பிட்டால்தான் இதற்குப் பொருள்.

இந்த அளவுகோலால் மென்பொருளில் என்ன கோளாறு என்று தெரியாது. கோளாறு உண்டா இல்லையா என்பதே தெரியும். வெப்பமானி காய்ச்சலைக் காட்டுவது போலத்தான். ஆனால் மெக்கேப்பின் எண்ணால் காண முடியாத காய்ச்சலை இது காட்டுகிறது.

பயனர் என்பவர் யார்?

இதுவரை 'பயனர்' என்ற சொல்லை ஒருவரையே குறிப்பது போலக் கையாண்டோம். அது சரியன்று. 2011-இன் நிர்ணயம், மென்பொருளை நேரில் இயக்குபவரைத் தவிர, அதனைத் தொடாமலே அதன் விளைவைப் பெறுபவரையும் மறைமுகப் பயனர் எனக் கணக்கில் சேர்த்துள்ளது. இதன் முக்கியத்துவத்தைத் தெராக்-25 என்னும் கருவியின் வரலாறு காட்டும்.

கனடா நாட்டில் உருவாக்கப்பட்ட இக்கருவி புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு அளிப்பது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு இது அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. குறைந்தது மூவர் மாண்டனர். 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நடந்ததைப் பாருங்கள். கருவியை இயக்கியவர் நன்கு பழகியவர். கதிரின் வகையைத் தவறாகத் தட்டிவிட்டு, உடனே மேலே சென்று திருத்தி, விரைந்து முடித்தார். கருவியின் காந்தங்கள் நிலைகொள்ள ஏறத்தாழ 8 விநாடி பிடிக்கும். அதற்குள் செய்யப்பட்ட திருத்தத்தை மென்பொருள் முழுமையாகக் கவனிக்கவில்லை. திரையில் 'கோளாறு 54' என்று வந்தது. அதன் பொருள் அவருக்கு விளங்கும்படி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. இத்தகைய அறிவிப்புகள் அக்கருவியில் அடிக்கடி வந்து போவதால், வழக்கம்போல் தொடரும் விசையை அழுத்தினார். உள்ளே படுத்திருந்தவர் இரண்டாம் முறையும் கதிருக்கு ஆளானார்.

மெதுவாகத் தட்டுகிற புதியவர் கையில் இப்பிழை வெளிப்படவே வெளிப்படாது. கருவியைச் செய்தவர்கள் சோதித்தபோதும் வெளிப்படவில்லை. அடுத்த மாதம் அதே மருத்துவமனையில் இரண்டாம் விபத்து நிகழ்ந்தபிறகு, இயக்குநரும் அங்கிருந்த இயற்பியலாளரும் மீண்டும் மீண்டும் தட்டிப் பார்த்து, வேகமே காரணம் என்று கண்டுபிடித்தனர். இதில் நம்மைப் போன்ற மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. முந்தைய தெராக்-20 கருவியிலும் இதே பிழை இருந்தது. அதில் தனியே வன்பொருள் தடுப்புகள் இருந்ததால் உருகிகள் எரிந்து கருவி நின்றுவிடும். நோயாளிக்குத் தீங்கு நேராது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர் குழு வந்து பழகத் தொடங்கும்போதெல்லாம் உருகிகள் அடிக்கடி எரிந்தன. அவர்கள் பழகியபின் நின்றுவிட்டது. மாணவர்கள் கண்டபடி தட்டியதே அப்பிழைக்குச் சரியான சோதனையாக அமைந்தது!

மறைமுகப் பயனரை நம் ஊரிலும் காணலாம். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கும்போது நம்மில் பலர் விசைப்பலகையைத் தொடுவதே இல்லை. மையத்தில் இருப்பவர் தட்டுகிறார். நாம் அருகில் நின்று பிறந்த தேதி சொல்கிறோம். ஓ.டி.பி. அப்பாவின் கைப்பேசிக்குப் போகிறது. அவர் வயலில் இருக்கிறார். அவர் எடுத்து, எழுத்துக்கூட்டி எண்களைச் சொல்வதற்குள் திரை காலாவதியாகிறது. மூன்றாம் முறை வெற்றி கிடைத்தால் மென்பொருளின் பதிவேட்டில் அது வெற்றியாகவே ஏறும். ஒருநாள் கூலியை விட்டு மறுநாளும் வந்தவர் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. புரூக்கின் பத்துக் கூற்றுகளைத் தட்டியவரிடம் கொடுத்தால் அவர் 80 போடுவார். அப்பாவிடம் யார் கொடுக்கப்போகிறார்கள்?

முறையீட்டை அளவையாகக் கொள்ளாவிட்டால் எதுவரை போகும் என்பதற்கு இங்கிலாந்து அஞ்சல் துறையின் ஹொரைசன் மென்பொருள் அண்மைக்காலச் சான்று. 1999 முதல் கிளை அஞ்சலகங்களில் புகுத்தப்பட்ட இம்மென்பொருள், இருப்பில் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. கிளை நடத்துவோர் உதவி எண்ணுக்கு அழைத்துச் சொன்னார்கள். வேறு யாருக்கும் இப்படி இல்லையே என்று விடை வந்ததாகப் பலர் பின்னர்ச் சாட்சியம் அளித்தனர். கணிப்பொறி சரியாகத்தான் இயங்கும் என்பதே அந்நாட்டு நீதிமன்றங்களின் தொடக்க அனுமானம். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். மென்பொருளில் பிழைகள் இருந்தன என உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அத்தண்டனைகளை நீக்க 2024 மே மாதத்தில் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. தனித்தனியே வந்த அந்த அழைப்புகளை ஒரு தாளில் வரிசையாகக் குறித்திருந்தாலே போதும். அது சிறந்த தர அளவையாக இருந்திருக்கும்.

நம் செய்முறை வகுப்பில்

நமது செய்முறைத் தேர்வில் தேர்வாளர் ஓர் எண்ணைக் கொடுப்பார். சரியான விடை திரையில் வந்தால் மதிப்பெண் உண்டு. எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டினால் என்ன ஆகும் என்று அவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. மூன்றாம் ஆண்டில் நாம் செய்யப்போகும் திட்டப்பணிக்காவது வேறு வழியைப் பின்பற்றலாம். இதற்குப் பெரும் செலவு இல்லை. ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தாங்கள் பார்த்த திட்டங்களில் பயன்படுத்துவோர் ஒருவரைக் கொண்டு சோதித்தால் சராசரியாக நூற்றுக்கு 31 குறைகள் தெரியவந்தன. ஒவ்வொருவரும் அதே விகிதத்தில் கண்டால், ஐவர் சோதித்தபின் மீதியிருப்பவை 0.69-ஐ ஐந்து முறை பெருக்கக் கிடைக்கும் 0.16. அதாவது ஐவரே நூற்றுக்கு ஏறத்தாழ 84 குறைகளைக் காட்டிவிடுவர்.

அந்த ஐவரை நம் வகுப்பிலேயே தேடக்கூடாது. நிரல் எழுதுபவர் எப்படி நினைப்பார் என்று வகுப்புத் தோழருக்குத் தெரியும்; அதனால் அவர் தடுக்கி விழமாட்டார். வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர், நூலக உதவியாளர், அலுவலகத்தில் கட்டணம் வாங்குபவர், விடுதிக் காப்பாளர், கைப்பேசியை ஒரு விரலால் தட்டும் நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் போதும். அவர்களைத் திரைமுன் அமர்த்தி, செய்ய வேண்டிய வேலையை மட்டும் சொல்லிவிட்டுப் பின்னால் நின்றுகொள்ள வேண்டும். 'அங்கே அழுத்துங்கள்' என்று வாய்வரை வரும் சொல்லை அடக்கிக்கொண்டு, அவர்கள் விரல் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறது என்பதையும் எத்தனை விநாடி நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.